வயர் செருகாத பானை

"வயரே செருகலையே தாத்தா, இது யாருக்காக வெந்துக்கிட்டிருக்கு?" என்று கிளாரா கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. சின்சினாட்டியின் மேற்குக் குன்றில் வசிக்கும் நாங்கள் எல்லோருமே அதற்குள் அந்தப் பானையைப் பார்த்துவிட்டிருந்தோம். எப்படி வேகிறது என்றுதான் எல்லோரும் கேட்டோம். யாருக்காக என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அது கிளாராவின் பாட்டி பெர்னடீன் நீஹவுஸின் ஸ்லோ குக்கர், மின்சாரத்தில் மெல்ல வேகவைக்கும் பானை. இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், பானையில் சில்லி என்கிற எங்கள் ஊர் இறைச்சிக் குழம்பு வெந்துகொண்டிருக்கும்போதே, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடி பெர்னடீன் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து வீடு திரும்பிய அவள் கணவர் ரால்ஃப் தன் கையாலேயே வயரைப் பிடுங்கி வைத்தார். பானை நிற்கவில்லை. அந்த வாரம் முட்டை விலை ஏறியது, பேருந்துத் தடம் மாறியது, நீஹவுஸ் வீட்டுப் பானை மின்சாரம் இல்லாமல் கொதித்தது. மின்வாரியத்திலிருந்து வந்த ஆள் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு தட்டு கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். ரால்ஃப் தரவில்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பானை தானாகவே ஆறிவிடும். இறைச்சி ஆகாத நாள் என்று அதற்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் மறுபடி கொதிக்கும். "நம்ம பங்குல இவ்வளவு ஒழுங்கா நோன்பு இருக்கிறது இது ஒண்ணுதான்" என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில், சொன்னது காதில் விழாவிட்டால் "என்ன?" என்று கேட்கமாட்டோம். "ப்ளீஸ்?" என்போம். ஜெர்மனியிலிருந்து வந்த பாட்டன்மார் விட்டுச்சென்ற பழக்கம் அது. வெளியூரிலிருந்து இங்கே வாழ வந்தவர்கள், இவர்கள் ஏன் எதற்கெடுத்தாலும் கெஞ்சுகிறார்கள் என்று முதலில் குழம்புவார்கள். ரால்ஃப் கடைசல் பட்டறையில் காதைத் தொலைத்தவர். காதுக்கருவி வைத்துக்கொள்ள மறுத்தவர். அதனால் ஊரிலேயே அதிகம் "ப்ளீஸ்?" சொன்னவர் அவர்தான். பெர்னடீன் ஒரு தடவை பொறுமையாகத் திருப்பிச் சொல்வாள். இரண்டாம் தடவைக்குக் கரண்டியைக் காட்டுவாள். அந்தச் சனிக்கிழமையும் நாற்காலியிலிருந்து அவரைப் பார்த்து அவள் ஏதோ சொன்னாள். பத்திரிகையிலிருந்து தலை தூக்காமல் அவர் "ப்ளீஸ்?" என்றார். பதில் வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் கடைசியாகச் சொன்னது என்ன என்பதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவருக்கு அதன்பிறகு வேண்டியிருக்கவில்லை.

பானையின் கொதியில் ஒரு பேச்சின் ஏற்ற இறக்கம் இருப்பதை அவர் குளிர்காலத்தில்தான் கவனித்தார். பழக்க தோஷத்தில் அதைப் பார்த்து "ப்ளீஸ்?" என்றார். கொதி ஒரு கணம் நின்று, முதலிலிருந்து தொடங்கியது. அதன்பின் தினமும் பானையின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சொல் எதுவும் பிடிபடவில்லை. குழம்பு அவ்வளவு கெட்டியாக இருந்தது. அவள் கையால் வைத்த கடைசிக் குழம்பு என்பதால் ஒரு கரண்டிகூட எடுக்க அவருக்கு மனமில்லை.

கிளாரா அந்தக் கேள்வியைக் கேட்டபோது ரால்ஃப் அதைத்தான் சொன்னார். பாட்டி வைத்தது, அப்படியே இருக்கட்டும் என்றார். குழந்தை விடவில்லை. "யாருக்காச்சும் போடத்தானே பாட்டி வச்சிருப்பாங்க?" என்றாள். ரால்ஃப் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தார். பிறகு ஸ்பகெட்டி வேகவைத்து, குழம்பை ஊற்றி, மேலே மலைபோலச் சீஸ் துருவி, மூன்றடுக்காக அவளுக்கு ஒரு தட்டு வைத்தார். பட்டையும் கிராம்பும் மணக்க அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பானையிலிருந்து ஒரு சொல் தெளிவாகக் கேட்டது. "குளிருக்கு" என்றது. குடம் நிரம்ப நிரம்பத் தண்ணீரின் குரல் மாறுவதுபோல, பானை இறங்க இறங்க அதன் குரல் தெளிந்துகொண்டு வந்தது. ரால்ஃபுக்கு அது புரிந்தது. கேட்க வேண்டுமென்றால் கொடுக்க வேண்டும். கொடுத்துத் தீர்ந்தால் அவள் கைப்பக்குவத்தில் மிச்சம் எதுவும் இருக்காது.

அவர் கொடுத்தார். மின்வாரிய ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டார். தபால்காரிக்குக் கொடுத்தார். மூலை வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த குவாத்தமாலாக் குடும்பத்துக்கு ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுபோனார். அவர்கள் அடுத்த நாள் பாத்திரத்தில் வாழைக்காய் வறுத்துப் போட்டு அனுப்பினார்கள். அன்று பானையிலிருந்து வந்த சொல் "பயறு." ரால்ஃபுக்கு எரிச்சல்தான் வந்தது. வெங்காயம் போட்டால் நான்கடுக்கு, பயறும் போட்டால் ஐந்தடுக்கு என்று ஊரே சாப்பிட்டாலும் அவர் மூன்றைத் தாண்டாதவர். அதற்குக் காரணம் இருந்தது. பல வருடங்களுக்கு முன், ஒஹையோ ஆறு உறைந்து, ஜனங்கள் நடந்தே அக்கரையிலுள்ள கென்டக்கிக்குப் போய்வந்த அந்தக் குளிர்காலத்தில் பட்டறை மூடிக்கிடந்தது. பெர்னடீன் வைத்த சில்லியில் இறைச்சியைத் தேட வேண்டியிருந்தது; எல்லாம் பயறாக இருந்தது. "இது சில்லியா, மலைக்காரன் கஞ்சியா?" என்று அவர் கேட்டதும், "தின்னுட்டுப் பேசு" என்று அவள் சொன்னதும் அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் யாரிடமும் கைநீட்டாமல் பிழைத்தோம் என்று, தவக்காலத்தில் கோவிலில் நடக்கும் மீன் விருந்துகளில் வருடந்தவறாமல் பெருமையாகச் சொல்லிவந்தார். பெர்னடீன் அப்போதெல்லாம் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பாள்.

வசந்தம் வந்தபோது பானையில் அடியொட்டியதுதான் மிச்சம். ஒரு பிற்பகல் வழக்கம்போல "ப்ளீஸ்?" என்று கேட்டார். பெர்னடீனின் குரலிலேயே பானை சொன்னது.

"அந்தக் குளிருக்கு நாம தின்ன பயறெல்லாம் எதிர்வீட்டு ஓப்பலோடது, ரால்ஃப். நீதான் அவகிட்ட ப்ளீஸ்னு கேட்டியாம். இதுல பாதிய அவளுக்குக் கொண்டுபோய்க் குடு."

அவருக்கு எல்லாம் திரும்ப வந்தது. ஓப்பல் கோம்ப்ஸ் கென்டக்கி மலையிலிருந்து அந்தத் தெருவுக்கு வந்த புதிது. வாசலில் அவர் பனியை வாரிக்கொண்டிருந்தபோது எதிரிலிருந்து அவள் ஏதோ கத்திக் கேட்டாள். காற்றிரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு "ப்ளீஸ்?" என்றார். அவள் அவரையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மலைக்காரர்களுக்கு மரியாதை தெரியாது என்று அன்று அவர் நினைத்துக்கொண்டார். இப்போதுதான் புரிந்தது, அவர் வீட்டில் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று அவள் கேட்டிருக்கிறாள். எதிரே ஒரு மனிதன் கெஞ்சியதைக் காதால் கேட்டிருக்கிறாள். மறுநாளிலிருந்து பனி உருகும்வரை பின்வாசல் படியில் மூடிவைத்த பயறும் சோள ரொட்டியும் வந்திருக்கின்றன. ஆம்பிளை வெட்கப்படுவார், சொல்ல வேண்டாம் என்று ஓப்பல் பெர்னடீனிடம் சொல்லிவைத்திருக்க வேண்டும். இரண்டு பெண்களும் அவர் பெருமையை இத்தனை வருடம் அவருக்குத் தெரியாமல் தாங்கிப்பிடித்திருக்கிறார்கள்.

பாதி கொடுக்கப் பானையில் எதுவும் இல்லை. ஆகவே ரால்ஃப் சமைத்தார். முதல் தடவை இறைச்சியை வதக்கிப் போட்டார், பானை அசையவில்லை. அது சரிதான், எங்கள் ஊரில் சில்லிக்கு யாரும் இறைச்சியை வதக்குவதில்லை. மறுநாள் அரைத்த மாட்டிறைச்சியைப் பச்சையாகக் குளிர்ந்த நீரில் போட்டு, பெர்னடீன் செய்ததுபோல விரலால் உதிர்த்தார். அடியொட்டியிருந்த பழைய குழம்பைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஊற்றினார். தக்காளி, மிளகாய்த்தூள், பட்டை, கிராம்பு, சிறு துண்டு கசப்புச் சாக்லேட், கொஞ்சம் வினிகர். கடைசியில் இரவே ஊறவைத்திருந்த பயறைப் பாதிப் பானைக்குக் குறையாமல் போட்டார். வயருக்குக் கைநீட்டுவதற்குள் பானை கொதிக்கத் தொடங்கிவிட்டது. அதில் இப்போது பேச்சு எதுவும் இல்லை, கொதி மட்டும்தான்.

பானை இன்று ஓப்பலின் சமையலறையில் வெந்துகொண்டிருக்கிறது. மின்வாரிய ஆள் அந்த வழியாகப் போனால் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். கருவியை வெளியே எடுப்பதில்லை. அந்தக் குளிர்காலத்தைப் பற்றி மீன் விருந்தில் பேச்சு வந்தால் இப்போது ரால்ஃப்தான் தட்டுகளை அடுக்குகிறார். பானை எப்படித் தெருவைக் கடந்தது என்று யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அன்று ஞாயிறு காலை. ரால்ஃப் முந்தின மாலையே பூசை கண்டுவிட்டிருந்தார். ஓப்பல் தன் கோவிலுக்குப் போயிருந்தாள். தெருவில் ஆளில்லை. வயரைச் சுருட்டிப் பானையின் காதில் கட்டி, துண்டால் மூடி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். படியில் இறக்கி வைத்தார். உள்ளே கொதி சீராக இருக்கிறதா என்று மூடியில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பூட்டிய கதவைப் பார்த்து மெதுவாக "ப்ளீஸ்" என்றார். இந்தத் தடவை அது கேள்வியாக இல்லை.