நாக்குக்கு அடியில் கரையும் மாத்திரை

தையல்காரி தன் கணவனின் சட்டையை மோந்து பார்க்காமல் துவைக்கப் போட்டதில்லை. சாப்பாடு போடும்போதே அவன் கைகளில் புதிய ஊசித் தழும்பு இருக்கிறதா என்று ஒரு கண் போய்வரும். லிப்ட் மெக்கானிக்கான அவன் போதை ஊசியை விட்டுவிட்டு, அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவுக்குத் தினமும் காலையில் போய் அந்த ஏக்கத்தை அடக்கும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். போதைக்கு இன்னொரு போதையா மருந்து? அவள் மனதை இது அரித்துக்கொண்டே இருந்தது. அன்று அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்விட்டாள்.

கம்பிச் சன்னலுக்குள்ளிருந்து நர்ஸ் மாத்திரை கொடுத்தாள். வாங்கியவர்கள் சுவரோர பெஞ்சில் வாயை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண்ணுக்கு அத்தனை பேரும் கிறங்கிக் கிடப்பதுபோல் தெரிந்தது. உண்மை வேறு. அந்த மாத்திரையை விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிவிடும். நாக்குக்கு அடியிலேயே கரைந்து, அங்குள்ள மெல்லிய சவ்வு வழியாக ரத்தத்தில் கலக்க வேண்டும். பேசினால் எச்சிலோடு தொண்டைக்குள் இறங்கிவிடும். அதனால்தான் அந்த மௌனம்.

அவள் நேராகக் கணவன் முன்னால் போய் நின்றாள். "என்னங்க, வாயில என்ன?"

அவன் 'பொறு' என்று கை காட்டினான்.

"வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு? துப்புங்க! இப்பவே துப்புங்க!"

தாடையைப் பிடித்து உலுக்கியதில் பாதி கரைந்த மாத்திரை அவள் உள்ளங்கையில் விழுந்தது.

நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "ஓஹோ! புருஷன் துப்புவாரு, பொண்டாட்டி முந்தானையில முடிஞ்சுக்குவா, வெளிய கொண்டுபோய் விக்கலாம். நாங்க பார்க்காத நாடகமா?"

"ஐயோ சிஸ்டர், நான்தான் துப்ப வெச்சேன். சத்தியமா!"

"எல்லாரும் பண்ற சத்தியம்தான். இன்னிக்கு மாத்திரை கிடையாது, கிளம்புங்க."

அவன் பெஞ்சிலிருந்து எழுந்தான். "சிஸ்டர், ராத்திரிக்குள்ள உடம்பு முறுக்க ஆரம்பிச்சிரும். அப்புறம் என் கால் எந்தப் பக்கம் போகும்னு எனக்கே தெரியாது."

தையல்காரி கைப்பையைப் பெஞ்சில் கவிழ்த்தாள். நூல்கண்டும் அளவு நாடாவும் உருண்டன. முந்தானையை உதறிக் காட்டினாள். "விக்கறவ மாத்திரையோட கையை விரிச்சு நீட்டிட்டு நிப்பாளா சிஸ்டர்?"

சத்தம் கேட்டு வந்த டாக்டர் அவன் வாயை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு துப்பிய துண்டைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டச் சொன்னார். "மீதி அளவைக் கொடுங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, "நீ என்னப்பா, வீட்ல விவரம் சொல்லலையா?" என்றார்.

"கேட்டாத்தானே சார்! சட்டையைத்தான் மோந்து பார்ப்பா." அவன் மனைவியிடம் திரும்பினான். "பாதியில நின்ன லிப்டை, கயித்தை அறுத்தா இறக்குவாங்க? பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுத்தான் இறக்கணும். இந்த மாத்திரைதான்மா எனக்கு பிரேக்."

நர்ஸின் குரல் தணிந்திருந்தது. "எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லித்தான் பார்க்கறேம்மா. பார்த்து முடிச்சா அதோட சரி. சந்தேகத்தோட யாரையும் வீடு வரைக்கும் துரத்திட்டுப் போறதில்ல."

அவன் நர்ஸ் கொடுத்த புது அரை மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தான். தையல்காரி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சொன்ன உண்மையை சிஸ்டர் கொஞ்ச நேரம் நம்பலைன்னதுக்கே எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு. நீங்க தினமும் என் சந்தேகத்துக்கு நடுவுலதானே வீட்டுக்கு வந்தீங்க? இது நோய். மருந்து இங்க கிடைக்கும். நம்பிக்கையை வீட்லதான் கொடுக்கணும். நோயாளியைக் கவனிக்கணுமே தவிர, வேவு பார்க்கக் கூடாது."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் சட்டென்று அவன் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"பேசாதீங்க. கரையட்டும்."