மூன்றாம் முறை பெண் கேட்கப் போனோம்

பெண் கேட்கப் போகிறவர்கள் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு சாயங்காலமாகப் பெண் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். நாங்கள் ஆறு வெள்ளைக்காரர்களையும் ஒரு பானைக் கோழிக்குழம்பையும் வேனில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே காட்டுக்குள் போனோம். வேறு என்ன செய்வது? பெண்ணைப் பெற்ற மகராசன் காட்டை விட்டு வெளியே வந்தால்தானே!

மகராசனின் பெயர் அப்பொலினார். காட்டுக்குள் இடிந்து கிடக்கும் பழைய கோயில்களுக்குக் காவல்காரர். டிக்கெட் கிழிப்பார், படிக்கட்டில் முளைக்கிற செடியை வெட்டுவார், ஏறக் கூடாத இடத்தில் ஏறி நின்று போட்டோ எடுக்கிறவர்களை விசில் அடித்து இறக்குவார். மனைவி கண்ணை மூடிய பிறகு அங்கேயே ஒரு ஓலைக் குடிசையைப் போட்டுக்கொண்டு தங்கிவிட்டார். அவருடைய ஒரே மகள் ரொமுவால்டாதான் எங்கள் சுற்றுலா வேனை ஓட்டுகிறாள். என் தம்பி நசாரியோ வழிகாட்டி. சமையல் நான். தம்பிக்கு அவள் மேல் ஆசை, அவளுக்கும் அப்படித்தான். ஊரே இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

எங்கள் வழக்கப்படி பையன் வீட்டார் ரம்மும் சாக்லேட்டும் இனிப்பு ரொட்டியும் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். பெண்ணின் அப்பா ரம்மை வாங்கிக் குடித்துவிட்டால் சம்மதம். இல்லையென்றால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மூன்று முறை கேட்கலாம். மூன்றாவதிலும் கிடைக்காவிட்டால் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அப்பா அம்மா இல்லாத வீடு என்பதால் இந்தச் சுமை என் தலையில் விழுந்தது.

முதல் முறை, "பொண்ணு இன்னும் சின்னவ" என்றார். சின்னவளுக்கு முப்பத்து நாலு வயது! இரண்டாம் முறை, "ஒன் தம்பி என்னையும் ஒரு இடிபாடுன்னு நெனச்சுட்டான்" என்றார். அதில் நியாயம் இருக்கிறது என்று நானே சொல்வேன். இவன் சுற்றுலாக்காரர்களிடம் அவரைக் காட்டி, "இவர் பழைய அரச வம்சத்தின் கடைசி வாரிசு" என்று அளப்பான். உடனே எல்லாரும் அவரைச் சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள். மனுஷர் வெட்டரிவாளோடு விறைத்து நிற்பார்.

இன்று மூன்றாம் முறை. வேனில் தம்பியின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏண்டா, பேதி கண்டவன் மாதிரி உக்காந்திருக்க?" என்றேன்.

"அக்கா, அவர் இன்னைக்கும் முடியாதுன்னுட்டா?"

"பின்னாடி சீட்ல ரெண்டு கிழவி இருக்கு. அதுல ஒண்ணைப் பாத்து முடிச்சுடுவோம்."

ரொமுவால்டா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும், "அக்கா, பாட்டில் பத்திரமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்கும் உள்ளே உதறல்தான்.

போய் இறங்கினோம். தம்பி அன்றைக்கு ஒழுங்காக, "இவர் இங்கே காவல்காரர்" என்று மட்டும் சொன்னான். வெள்ளைக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கோயிலைப் பார்க்க நடந்தார்கள். ஒருவரும் கேமராவை எடுக்கவில்லை. பெரியவர் வழக்கம்போலத் தலையைப் படிய வாரியிருந்தார், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார்.

"போட்டோ எடுக்கலியா இவங்க?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"நீங்கதான ஐயா, இடிபாடு மாதிரி காட்டுறான்னு கோவிச்சுக்கிட்டீங்க?"

"அதுக்காக ஒருத்தருமேவா எடுக்க மாட்டாங்க?" என்று விசிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த மனுஷரை என்னதான் செய்வது!

சாப்பாடு முடியட்டும், வயிறு நிறைந்த மனுஷனிடம் கேட்பதுதான் புத்தி என்று நினைத்தேன். இலவ மரத்தடியில் விரிப்பை விரித்து, சோளரொட்டியைச் சுட வைக்க அடுப்பு மூட்டினேன். புகைக்குள் குனிந்து ஊதிவிட்டு நிமிர்ந்தால், போச்சு! போலந்துக்காரர் ஒருவர், நல்ல பளபளப்பான மொட்டை, பெண் கேட்க என் கூடையில் கட்டி வைத்திருந்த சீர் மூட்டையை அவிழ்த்துவிட்டார். அதுவும் சாப்பாட்டோடு சேர்த்தி என்று நினைத்திருக்கிறார். இனிப்பு ரொட்டி கை மாறிக்கொண்டிருந்தது. சாக்லேட்டை அவர் மனைவி கடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். காய்ச்சிக் குடிக்கிற சாக்லேட்டைக் கடித்தால் கசக்காமல் என்ன செய்யும்? ரம் எல்லார் கோப்பையிலும் இறங்கிவிட்டது. கத்த வாயைத் திறந்தேன், புகை புகுந்து இருமல்தான் வந்தது.

வயதில் மூத்தவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று அந்த மொட்டைக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு சுரைக்குடுக்கையில் தாராளமாக ஊற்றி அப்பொலினாரிடம் நீட்டினார். விருந்தாளி கொடுப்பதைத் தட்டக் கூடாது. அவரும் வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்ல சரக்கு" என்றார்.

நான் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"குடிச்சிட்டீங்க! ஐயா, அது நாங்க பொண்ணு கேக்கக் கொண்டாந்த ரம்மு! முடிஞ்சுது, பேச்சு முடிஞ்சுது!"

பெரியவர் குடுக்கையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "அதெப்படி? நீயா ஊத்துன? இந்த மொட்டைல்ல ஊத்துனான்!"

"அப்ப சரிப்பா," என்றாள் ரொமுவால்டா, இடுப்பில் கை வைத்தபடி. "ஊத்துன ஆளுக்குத்தான பொண்ணு? நான் போலந்துக்குப் போறேன். பெட்டியக் கட்டணும்."

"அடியே, அவனுக்குப் பொண்டாட்டி பக்கத்துலயே உக்காந்திருக்கா!"

"நல்ல அம்மாவாத்தான் தெரியுறாங்க. அனுசரிச்சுப் போவாங்க."

நசாரியோ இதை இங்கிலீஷில் சொல்லித் தொலைத்தான். வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மொட்டை மட்டும் எழுந்து தன் மனைவியிடம் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி குனிந்தார். அவள் அவர் முதுகில் ஒரு போடு போட்டாள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பெரியவர் சிரிக்கவில்லை. குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தார். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது.

நசாரியோ அவர் முன்னால் போய்க் குந்தினான். "ஐயா, நான் போட்டோ விஷயத்துல பண்ணது தப்புதான். அதுக்காகவா வேண்டாங்கிறீங்க?"

"போட்டோவாவது மண்ணாவது" என்றார் அவர். "கல்யாணம் ஆனா இவ ஒங்க வீட்டுல உக்காந்து சோளம் அரைப்பா. இந்த வேனை வேற எவனோ ஓட்டிட்டு வருவான். நான் அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு டிக்கெட் கிழிக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. இந்த வேன் வரும் நாளெல்லாம் அவர் தலை வாரி நிற்பது கேமராவுக்காக என்றல்லவா நினைத்திருந்தேன்!

"வேனை இவதான் ஓட்டுவா, ஐயா," என்றான் தம்பி. "எனக்கு ஓட்டவே தெரியாது. ஒரு தடவை எடுத்தேன், பன்னிப் பட்டியில போய் நின்னுச்சு."

"பன்னி பொழைச்சதே பெரிசு" என்றாள் ரொமுவால்டா.

"மழைக்காலத்துல?" என்றார் பெரியவர். "பாதை முங்கிடும். வேனும் வராது, ஆளும் வராது. அப்ப?"

"அப்ப நீங்க எங்க வீட்டுக்கு வந்துடுங்க. இதுல கேக்க என்ன இருக்கு?" என்றேன் நான்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மூணு தடவ வந்தீங்க. மூணு தடவையும் பொண்ணத்தான கேட்டீங்க. என்னைய யாரும் கேக்கலியே."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிற எனக்கு இந்த ஒரு வார்த்தை தோன்றவில்லையே! சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சம்பந்தி, மழை பிடிச்சதும் வந்துடுங்க. அடுப்புப் பக்கத்துல ஒங்களுக்குத்தான் ஊஞ்சல் படுக்கை" என்றேன்.

அவர் குடுக்கையை நசாரியோவின் பக்கம் நீட்டினார். தம்பி பாட்டிலை எடுத்தான். மொட்டையும் கூட்டாளிகளும் அதைத் துடைத்து வைத்திருந்தார்கள். அதைக் கவிழ்த்துத் தட்டினான், உதறினான், அடியில் இருந்த நாலைந்து சொட்டு விழுந்தது.

பெரியவர் அண்ணாந்து அந்தச் சொட்டுகளைக் குடித்தார். பிறகு குடுக்கைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன மாப்ள, இவ்வளவுதானா?"