துடைத்த கை

ஆலையில் என்னைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயு கசிகிறதா என்று காட்டும் கையடக்க மீட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. மற்ற ஷிப்ட்டு மீட்டர்கள் கரி அப்பிக் கிடக்கும். என்னுடையதில் முகம் பார்க்கலாம். காரின் டேஷ்போர்டுக்கு அடிக்கிற பாலிஷ் ஸ்பிரேயை என் சொந்தக் காசில் வாங்கி, ஒன்று விடாமல் துடைத்து வைப்பேன். அதில் எனக்கிருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

தினமும் காலையில் சிலிண்டரிலிருந்து சோதனை வாயுவை மீட்டருக்குள் செலுத்தி, அது அலறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. பாலிஷ் போடுவதற்கே நேரம் போய்விடுவதால், அதைச் செய்யாமலே 'சரி' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். திரையில்தான் வாயு இல்லையென்று சைபர் காட்டுகிறதே, அப்புறமென்ன?

அக்கா வீட்டுக்காரர் அதே ஆலையில் வெல்டர். திங்கட்கிழமை காலை, காலி செய்த பெயிண்ட் தின்னர் தொட்டியில் விரிசலை அடைக்கப் போனார். தொட்டி வாயில் என் மீட்டரைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பற்ற வைத்திருக்கிறார். ஆலையே அதிர்ந்தது.

முதலில் ஓடியவன் நான். சட்டை கருகிக் கிடந்த மனுஷனைத் தூக்குவதற்கு முன்னால், பக்கத்தில் கிடந்த மீட்டரை எடுத்துப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். அதில் அப்போதும் சைபர். இதைச் சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்தார். மாமாவின் இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"மீட்டர் எடுத்துட்டுப் போக மறந்துட்டேன் சார். என் தப்புதான்."

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதலில் வந்தது அந்த நிம்மதிதான், வெட்கம் அதற்குப் பிறகுதான்.

கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அக்கா வெடித்தாள். "என் தம்பி எப்படிப் பார்த்துப் பார்த்துத் துடைச்சு வைக்கிறான்! அதை எடுத்துட்டுப் போறதுக்கு உங்களுக்கு என்ன கேடு?"

அவள் கிண்ணத்தைக் கழுவப் போனதும் மாமா என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"பயப்படாத மாப்ள. கைதான் போச்சு, உன் வேலையும் போகணுமா? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க தின்னர் வாடை அடிச்ச மாதிரி இருந்துச்சு. மீட்டர் சைபர்னுச்சு. நீ பார்த்த மீட்டராச்சே, தப்பா இருக்காதுன்னு விட்டுட்டேன். என் மூக்கு கெட்டுப்போச்சா?"

அங்கிருந்து ஓடி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை, ஆலை முற்றத்தில் எல்லோரையும் நிற்க வைத்து அதிகாரி பேசினார். "ஒரு வெல்டரோட அலட்சியம்..." என்று அவர் ஆரம்பித்ததும் என் கால் தானாக முன்னே போனது. பையிலிருந்த மீட்டரை எடுத்து, முற்றத்து ஓரத்தில் இருந்த சோதனை வாயு சிலிண்டரின் குழாயில் மாட்டித் திறந்தேன். சைபர். நகரவே இல்லை.

"சிலிண்டர் காலியா?" என்றார் அதிகாரி.

மற்ற ஷிப்ட்டின் கரி பிடித்த மீட்டரை வாங்கி அதே குழாயில் மாட்டினேன். ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது.

அதிகாரி என் மீட்டரை முகர்ந்தார். "இதுல என்னய்யா அடிச்ச?"

"பாலிஷ் சார்."

"அதுல சிலிகான் இருக்குய்யா. உள்ள இருக்கற சென்சாரையே கொன்னுடும். செத்த மீட்டரும் சைபர்தான் காட்டும், சுத்தமான காத்துக்கும் சைபர்தான். அதுக்குத்தானே தினம் சோதிக்கச் சொல்றது!"

யாரும் சிரிக்கவில்லை. யாராவது 'கண்ணாடி' என்று கேலி செய்திருந்தால்கூடத் தேவலை. மாமா பேரில் எழுதியதை அடித்துவிட்டு, என்னை வாசலுக்கு வெளியே அனுப்பினார்கள்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க மூக்கு நல்லாத்தான் இருக்கு மாமா," என்றேன். "நான்தான் சோதிக்காம கையெழுத்துப் போட்டேன். மீட்டரை எடுத்து ஒளிச்சதும் நான்தான்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் எழுந்து, கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் வைத்தாள்.

"அவருக்குக் கையில்ல. நீ ஊட்டு," என்றாள்.