ஆணி அடித்த சன்னல்

சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சுருளிவேலின் வீட்டுச் சன்னல் ஒன்பது வருடமாகத் திறக்கவில்லை. இருமிக் கிடந்த மனைவி அழகுத்தாய்க்குப் பனி ஆகாதென்று பலகை வைத்து ஆணி அடித்தவர் அவர்தான். "காத்து வேணும், தெறந்து விடுங்க" என்று சாகும்வரை அவள் கெஞ்சினாள். காய்ச்சல் புலம்பல் என்று அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது மதுரையில் பி.எஸ்ஸி. படிக்கும் மகள் கோமதி, மாத்திரைப் பொட்டலத்தோடு வந்து நிற்கிறாள். கல்லூரியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எக்ஸ்ரே எடுத்ததில் அவளுக்கு டி.பி. என்று தெரிந்ததாம்.

"பயப்படாதீங்கப்பா. மாத்திரைய விடாமத் திங்கணும். வீட்டுக்குள்ள காத்தும் வெளிச்சமும் வரணும். அடைச்ச வீட்லதான் இது ஒட்டுமாம். வகுப்பு வச்சுச் சொல்லிக்குடுத்தாங்க."

"போடி இவளே! வகுப்பு எடுத்தவன் இந்த மஞ்சுப் பனியில ஒரு நாள் கெடந்திருப்பானா? ஒங்காத்தாளுக்கு நான் பாக்காத பக்குவமா..."

"நானும் ஆத்தா பக்கத்துலதானப்பா படுத்துக் கெடந்தேன்" என்றாள் கோமதி. குறை சொல்லும் குரல் இல்லை. ஆனால் அவர் கண் ஆணி அடித்த பலகைக்குப் போயிற்று.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமத் தொடங்கினாள். அச்சு அசல் அழகுத்தாயின் இருமல்.

"தெறந்து விடுங்க."

மகள் இன்னும் இருமிக்கொண்டுதான் இருந்தாள். குரல் அழகுத்தாய் கிடந்த மூலையிலிருந்து வந்தது.

சுருளிவேல் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து ஆணிகளை நெம்பினார். பலகை விழுந்ததும் பனி உள்ளே நுழைந்தது. கோமதியைத் தொடாமல் நேரே அந்த மூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.