ரோலர் திரும்பும் மூலை

டாஸ்மானியாவின் ஹுவோன் ஆற்றங்கரையில், புல்லில் பந்து உருட்டி ஆடும் ஒரு பௌலிங் கிளப்பின் புல்தரையில் ஒரே ஒரு மூலை மட்டும் செத்துக்கொண்டிருந்தது. தரையை அழுத்திச் சமமாக்கும் ரோலர் திரும்பும் மூலை அது. தரையைப் பராமரித்த கிளைவ் பர்ரெலுக்குக் காரணம் பிடிபடவில்லை. மண்ணின் புளிப்பை முறிக்க மூன்று வருடமாகச் சுண்ணாம்புத் தூள் தூவுகிறான். மேல்மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, சாயம் விட்டு, வெள்ளைப் பொடி போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஊதா. சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனாலும் புல் மஞ்சள், நடுவே பாசி. சனிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலை போகும் என்று கமிட்டி சொல்லிவிட்டது.

வேலிக்குப் பின்னால் குடியிருந்த டாரல் க்விக், இதே வேலையிலிருந்து நீக்கப்பட்டவன். அவன்தான் எதையோ ஊற்றுகிறான் என்று கிளைவ் முடிவுகட்டியிருந்தான். வியாழன் காலை கிளைவ் அந்த மூலையில் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தபோது, டாரல் டீக்கோப்பையுடன் வந்து வேலியில் சாய்ந்தான்.

"இன்னும் கொஞ்சம் மாவு தூவு, நண்பா. கேக் பொங்கினாலும் பொங்கும்."

கிளைவ் அவனைச் சட்டையோடு பிடித்து வேலிக்கு இந்தப்பக்கம் இழுத்துப் போட்டான். என்ன ஊற்றினாய் என்று கேட்டுக் கேட்டு வாயிலேயே குத்தினான். இரண்டு பற்கள் புல்லில் விழுந்தன. டாரல் தலையால் முட்டினான். கிளைவின் மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் இருவருக்கும் கேட்டது. முகமெல்லாம் ரத்தத்தோடு கிளைவ் அவன் முழங்காலை மிதித்தான். டாரல் விழுந்த இடத்தில், மண் கிளறும் நாலு பல் இரும்புக் கவை கிடந்தது. அதை எடுத்து முழு பலத்தோடு குத்தினான். ஒரு பல் கிளைவின் பூட்ஸைத் துளைத்து, சுண்டுவிரலைக் கிழித்துத் தரையில் இறங்கியது. கிளைவ் அலறிக்கொண்டு சரிந்தான். அவன் சரிந்த வேகத்தில் கவை நெம்பி, புல்லோடு ஒரு மண்கட்டி பெயர்ந்து வந்தது.

டாரல் மறுபடி கவையை ஓங்கினான். ஓங்கியவன் அப்படியே நின்றான்.

பெயர்ந்த மண்ணின் வெட்டுமுகத்தில், புல்லுக்குக் கீழே அரை விரல் ஆழத்தில், சுண்ணாம்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. அதன் கீழே வெறும் பழுப்பு மண். வேர்கள் கருகிப்போயிருந்தன.

டாரல் ரத்தத்தைத் துப்பினான். "நான் எதையும் ஊத்தலடா, முட்டாளே. உன் சுண்ணாம்பு மேலயே படுத்துக் கிடக்கு. நீயும் மேல் மண்ணையே சுரண்டிப் பாத்துக்கிட்டு இருந்திருக்க."

கிளைவ் காலைப் பிடித்தபடி, பையிலிருந்த சாயத்தையும் பொடியையும் எடுத்து, வெள்ளைக் கோட்டுக்குக் கீழிருந்த மண்ணைச் சோதித்தான். இந்த முறை ஆரஞ்சு நிறம். அடிமண் முழுக்கப் புளித்திருந்தது.

சனிக்கிழமை கமிட்டியிடம், காலில் ஒன்பது தையலோடு போய், சொல்ல வேண்டியதைச் சொன்னான். சுண்ணாம்பு தண்ணீரில் லேசில் கரையாது. ரோலர் திரும்பித் திரும்பி இறுக்கிய அந்த மூலை மண்ணுக்குள் தானாக இறங்காது. எனவே உள்ளே பொள்ளலான குழல் பற்கள் கொண்ட கருவியால் நாலு விரல் ஆழத்துக்கு நெருக்கமாகத் துளை போட்டு, வெளியே வரும் மண்ணை அள்ளிவிட வேண்டும். பிறகு நைசான சுண்ணாம்புத் தூளைத் துளைகளுக்குள் பெருக்கித் தள்ளித் தண்ணீர் விட வேண்டும். இனிமேல் சோதனைக்கு மண்ணை வேர் இருக்கும் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும்.