மகாராணியின் மூக்கு

விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்த கூடத்தில், வெடிபொருளை மோப்பம் பிடிக்கும் நாயை மெல்ல நடத்திச் சென்றார் அதன் காவலர். நாயை எல்லோரும் மகாராணி என்றே அழைத்தார்கள். பணி தொடங்குமுன் நாள்தோறும் அதற்கு ஒரு சோதனை உண்டு. வெடிமருந்து வாடையேற்றிய சிறு பொட்டலத்தைச் சக ஊழியர் ஒரு பெட்டியில் ஒளித்து வைப்பார்; மகாராணி அந்தப் பெட்டியின் முன் உட்கார வேண்டும்.

தொடர்ந்து மூன்றாவது நாளாக அது அந்தப் பெட்டியைக் கடந்து போய், சுவரோரம் மூச்சிரைக்கப் படுத்துக்கொண்டது. அதற்கு வயது பதினொன்று.

"அண்ணே, இனிமே கறித்துண்ட மூக்கு மேலயே வெச்சாலும் எங்கன்னு தேடும் போலிருக்கு" என்றார் சக ஊழியர்.

காவலருக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குச் சென்று, பணிவுடன் செய்தியைச் சொன்னார்.

"புது நாய் கேட்டு எப்பவோ எழுதிட்டேன்ப்பா. வெடிமருந்த கண்டுபிடிக்கிற மெஷின் வரப்போகுது, நாய் எதுக்குன்னு பதில் வந்துச்சு."

"மெஷின் எங்க சார்?"

"ஃபைல்ல இருக்கு." அதிகாரி அலுப்புடன் சிரித்தார். "நாலு வருஷமாச்சு. கமிட்டி ஒரு மாடல முடிவு பண்ணுச்சு. கையெழுத்தாகறதுக்குள்ள அது பழசாயிடுச்சு. முதல்லேர்ந்து எழுதச் சொன்னாங்க. எழுதி முடிச்சா, மேலதிகாரிய மாத்திட்டாங்க. புதுசா வந்தவர் 'கலந்து பேசவும்'னு எழுதி வெச்சிருக்கார். யார்கூடன்னு எழுதல."

"இப்ப இருக்கற ஸ்கேனர்ல கத்தி தெரியும், துப்பாக்கி தெரியும். வெடிமருந்து தெரியாதே சார்."

"அது எனக்கும் தெரியும்ப்பா! விமானம் கிளம்பணும். நாய் பார்த்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. ரெண்டு நாளா நீதானே போட்ட?"

காவலர் தலை குனிந்தார். அந்த இரண்டு நாளும், விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது என்ற செய்தி வரும்வரை அவர் வீட்டுக்குப் போகவில்லை.

"தப்புதான் சார். இன்னிக்கு என்னால முடியாது, மன்னிச்சிக்கோங்க. வேலைய விட்டுத் தூக்கினாலும் சரி. வேணும்னா நீங்களே போட்டுக்கோங்க."

அதிகாரி சினத்துடன் பதிவேட்டை இழுத்தார். பேனா முனை தாளைத் தொட்டது; அதற்குமேல் நகரவில்லை. பேனாவை மூடிவிட்டு, "எல்லாப் பெட்டியையும் தொறந்து கையால பாருங்க" என்றார்.

நூற்று எண்பத்து நான்கு பெட்டிகள். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. "ஒரு மெஷின் வாங்கக்கூட வக்கில்லையா உங்களுக்கு?" என்று பயணிகள் கொதித்தார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டவாறே, கலைந்த துணிகளைக் காவலர் மடித்து மடித்து வைத்தார்.

இறுதிப் பெட்டியை மூடிவிட்டு அவர் அதிகாரியின் அறைக்குத் திரும்பியபோது, தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்திருந்தது. தாமதத்துக்கு இன்றே எழுத்துமூலம் விளக்கம் வேண்டுமாம். மேலிடத்தில் ஒருநாளும் எதிர்த்துப் பேசியறியாத அதிகாரி எழுந்து நின்று பேசினார்.

"தர்றேங்க. ரெண்டு மணி நேரத் தாமதத்துக்கு இன்னிக்கே விளக்கம் தர்றேன். நாலு வருஷத் தாமதத்துக்கு யார் தருவாங்க? பாதுகாப்ப நாம தள்ளிப்போடற ஒவ்வொரு நாளும், அன்னிக்குப் பறக்கறவங்க உயிரப் பணயம் வெச்சுத்தாங்க தள்ளிப்போடறோம். கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்ட நாங்களும் குத்தவாளிங்கதான்; போடாம ஃபைல மூடி வெச்சிருக்கறவங்களும் குத்தவாளிங்கதான்."