சாம்பிராணிச் சீட்டு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவன் நான். மற்ற நாட்களில் விருத்தாசலம் செராமிக் கம்பெனி ஒன்றில் பொம்மைகளைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி எடுக்கும் அந்தோணிமுத்து. வகுப்பில் என்னைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு நடுக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆதித் திருச்சபைப் பாடம் என்றால் எனக்கு ஆவேசமே வந்துவிடும். ரோமாபுரி ராயன் ஒருவன் ஆணை போட்டான்: எல்லாரும் பழைய தெய்வங்களின் சிலைக்கு முன் சாம்பிராணி போட வேண்டும், போட்டதற்கு அதிகாரியிடம் சீட்டு வாங்க வேண்டும். மாட்டோம் என்ற கிறிஸ்தவர்கள் சிறையில் செத்தார்கள். சில கெட்டிக்காரர்கள் சாம்பிராணி போடாமலே, லஞ்சம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

"அவனுங்களும் மறுதலிச்சவனுங்கதான்! திருச்சபையில திரும்பச் சேக்காம கோயில் வாசல்லயே வருஷக்கணக்கா அழுவ வுட்டாங்க, தெரியுமா?" என்று மேசையைத் தட்டுவேன். முன்வரிசையில் என் மகள் ஜெசி கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். பத்து வருஷம் கேட்டாள்.

அந்த ஜெசிக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் சண்முகப்ரியா. சாதிச் சான்றிதழில் இந்து. எங்கள் சாதிக்கு இந்து என்றால் கிடைக்கிற ஒதுக்கீடு, கிறிஸ்து வேதத்துக்கு வந்துவிட்டால் கிடையாது. பள்ளியில் சேர்க்கும்போதே என் மனைவி உபகாரமேரி அப்படி எழுதி வாங்கிவிட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். தெரியாத மாதிரி இருந்தேன். ரோமாபுரிக்காரன் செய்தால் பாவம், நான் செய்தால் பிழைப்பு!

போன மாதம் ஜெசிக்கு அந்த ஒதுக்கீட்டில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. சான்றிதழ் சரிதானா என்று விசாரிக்க அதிகாரி வருகிறார் என்றதும், உபகாரமேரி மாதா படத்தையும் சிலுவையையும் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தாள். பக்கத்து வீட்டு அம்சவல்லி கொடுத்த முருகன் படத்தை அந்த ஆணியில் மாட்டியது நான்தான்.

அதிகாரி நல்ல மனிதர். டீயைக் குடித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்க என்ன மதங்க?"

"இந்துதான் சார். கொளஞ்சியப்பர் கோயிலுக்குத்தான் போவோம்."

அவர் எழுதக் குனிந்தார். சுவரோரம் நின்ற ஜெசி முன்னால் வந்தாள்.

"இல்லீங்க சார். அப்பா எனக்காகச் சொல்றாங்க. என் பேரு ஜெசி. கைக்கொழந்தயிலயே ஞானஸ்நானம் ஆச்சு. நாங்க வேதக்காரங்க."

"யோசிச்சுச் சொல்லும்மா" என்றார் அவர்.

"யோசிச்சுட்டேங்க சார்."

அவர் போனதும் உபகாரமேரி தலையில் அடித்துக்கொண்டு என்மேல்தான் பாய்ந்தாள். "புள்ளைக்கு என்னாத்தய்யா சொல்லிக்குடுத்த?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜெசியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஒரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருந்தா என்னாடி?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க சொல்லிடுவீங்கன்னுதாம்ப்பா பாத்துக்கிட்டே நின்னேன்."

அவள் வேலை போய்விட்டது. இப்போது என்னோடு கம்பெனிக்கு வந்து அச்சில் மண்கூழ் ஊற்றுகிறாள். வழியில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. மகளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. வகுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று ஃபாதரிடம் போய்ச் சொன்னேன்.

"ஏன், ஒடம்புக்கு என்னா?" என்றார்.

காய்ச்சல் என்று அவரிடமும் பொய் சொன்னேன்.